மூளையில் மின்முனை பொருத்துங்கால் இரத்தக் குழாய்களைக் காத்தல்

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் முற்றி, மருந்தின் பயன் நிலையாக நில்லாதபோது, மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்முனையைப் பொருத்தி, மார்புத் தோலின் கீழுள்ள மின்கலக் கருவியினால் மின்துடிப்புகளைச் செலுத்துவர். பிரான்சு நாட்டுக் கிரெனோபிள் நகரில் டாக்டர் பெனாபிட் குழுவினர் 1987-இல் இம்முறையை வெளியிட்டனர்.

பெங்களூருக்கு இத்துறை புதிதன்று. 1954-இல் அங்குத் தோன்றிய அகில இந்திய மனநல நிலையத்தில் டாக்டர் ஆர். எம். வர்மா, மண்டையோட்டின் அடியிலுள்ள நீள்வட்டத் துளை வழியே ஊசியைச் செலுத்தி நடுக்கத்தைத் தணிக்கும் முறையை உருவாக்கினார். அந்நிலையமே 1974-இல் அரசு மனநல மருத்துவமனையுடன் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயிற்று. மின்முனைச் சிகிச்சை இன்று அங்கும் நடைபெறுகிறது.

அபாயம் யாது?

மின்முனையின் தடிப்பு ஏறத்தாழ 1.27 மில்லிமீட்டரே. எனினும் அது பல சென்டிமீட்டர் ஆழம், கண்ணுக்குப் புலப்படாமலே செல்கிறது. வழியில் தமனி கிழிபடின் உடனே குருதி கசியும். மேற்பரப்புச் சிரை அடைபடின் குருதி தேங்கி, மூளை வீங்கும்; இதன் அறிகுறி சில மணி அல்லது சில நாள் கழித்தே தோன்றலாம். நூற்றில் சிலருக்கே இவ்வாறு நேரினும், தம் காலால் நடந்து வந்தவர் பக்கவாதத்துடன் திரும்புவது பெருந்துயரமன்றோ?

தடுக்கும் வழிகள்

1. குருதிக் குழாய்களைத் துலக்கிக் காட்டும் மருந்தைச் செலுத்திக் காந்த அதிர்வுப் படம் எடுத்து, பாதையை முன்கூட்டியே வகுத்தல். குழாய்கள் மூளை மடிப்புகளின் இடைப்பள்ளங்களில் மிகுந்திருத்தலின், மேட்டின் உச்சியில் நுழைதல் வேண்டும். மூளை அறைகளின் சுவரையும், நடுக்கோட்டை அடுத்த பெருஞ்சிரைகளையும் தவிர்த்தல் நன்று.

2. இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தல். மேல் அளவு 140-க்குக் கீழ் இருக்குமாறு பல மருத்துவர் பேணுவர்.

3. ஆஸ்பிரின் முதலியவை குருதி உறைவதைத் தடுப்பன. அவற்றை உரிய காலம் முன்னரே நிறுத்துதல். மருத்துவர் சொல்லாமல் நிறுத்துதல் இதயநோயாளிக்குத் தீங்காம்.

4. சோதனை ஊசிகளின் எண்ணிக்கையைத் தேவைக்கு மேற்படாது வைத்தல்.

5. மூளைத் தண்டுவட நீர் வெளியேறாது காத்தல். அந்நீர் குறையின் மூளை தாழும்; இணைப்புச் சிரைகள் இழுபட்டு அறும்.

நமது கடமை

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளினின்று பெங்களூர் செல்லும் நோயாளரிடம் களப் பணியாளர் செய்யத்தக்கது யாது? அவர் உண்ணும் மருந்து அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு தாளில் எழுதுக. இரத்த அழுத்த அளவுகளையும் தேதியிட்டுக் குறிக்க. வீடு திரும்பியபின் கடுந்தலைவலி, வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் நாழிகை கடத்தாது மருத்துவமனைக்கு அனுப்புக.

பயிற்சி வினாக்கள்

1. மின்முனை மடிப்பின் மேட்டில் நுழைவது ஏன்?

2. தமனிக் கசிவிற்கும் சிரை அடைப்பிற்கும் அறிகுறி தோன்றும் காலம் வேறுபடுவது எவ்வாறு?