ஒளி தரும் சாம்பல்

பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம்மில் இருக்க முடியாது. மின்சாரம் எட்டாத ஊர்களில் திருமண ஊர்வலம், தெருக்கூத்து, கோயில் கொடை அனைத்திலும் இரவைப் பகலாக்கியது அதுவே. 1984-ல் வெளிவந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில், மேண்டில் எப்படி எரிகிறது என்று கேட்டு, அதைத் தொட்டே உடைத்துவிடும் காட்சியைக் கண்டு சிரிக்காதவர் யார்? ஆனால், சிரிப்பு அடங்கியபின் எண்ணிப் பார்த்தால் அந்தக் கேள்வி மிகவும் நியாயமானது. மேண்டில் உண்மையில் எரிவதில்லை, ஒளிர்கிறது. எப்படி என்பதைக் காண்போம்.

மேண்டில் என்பது நூலால் பின்னிய சிறு வலைப்பை. அதைத் தோரியம் நைட்ரேட்டும் சிறிதளவு சீரியம் நைட்ரேட்டும் கலந்த கரைசலில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். முதன்முறை தீ மூட்டும்போது நூல் எரிந்து போகிறது. நைட்ரேட்டுகள் ஆக்சைடுகளாக மாறி, நூல் இருந்த வடிவிலேயே நிற்கின்றன. எஞ்சுவது நுண்ணிய பீங்கான் துகள்களாலான வெள்ளைக் கூடு. தொட்டால் உதிர்வது அதனால்தான். ஆயினும் தீயில் அது உருகாது. தோரியம் ஆக்சைடின் உருகுநிலை 3,300 டிகிரி செல்சியஸ் அளவில் உள்ளது.

இங்கேதான் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. குறிப்பிட்ட வெப்பநிலையில் மிகுதியாகக் கதிர்வீசுவது கரும்பொருளே என்று வெப்பவியல் பாடத்தில் படிக்கிறோம். அப்படியானால் கண்ணைக் கூசச் செய்யும் ஒளியை வெள்ளைச் சாம்பல் தருவது எப்படி?

விடை கிர்க்காஃப் 1859-ல் வகுத்த விதியில் இருக்கிறது. ஒரு பொருள் எந்தக் கதிரை நன்கு உட்கவருகிறதோ, அந்த வெப்பநிலையில் அதே கதிரையே நன்கு உமிழும். கரும்பொருள் எல்லாக் கதிர்களையும் உமிழும். ஆனால் சுடரின் வெப்பநிலையில் அதன் ஆற்றலில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வீணாகும்; பொருளும் குளிர்ந்துவிடும். தோரியம் ஆக்சைடு அண்மை அகச்சிவப்புப் பகுதியில் மிகக் குறைவாகவே உமிழ்கிறது. ஆகவே சுடர் தரும் வெப்பத்தை வீணாக்காமல் அது மிகுந்த சூட்டில் நிற்கிறது. அதனுடன் கலந்த சீரியம் ஆக்சைடு, கண்ணுக்குப் புலப்படும் ஒளியை உமிழ்கிறது. ஒன்று சூட்டைக் காக்கிறது. மற்றொன்று அதை ஒளியாக்குகிறது.

இதைக் கண்டறிந்தவர் ஆஸ்திரிய வேதியியல் அறிஞர் கார்ல் அவுயர் ஃபான் வெல்ஸ்பாக். 1885-ல் மெக்னீசியம், லாந்தனம், இட்ரியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளைக் கொண்டு அவர் செய்த முதல் மேண்டில், பச்சை கலந்த ஒளி தந்தது, எளிதில் உடைந்தது, சந்தையில் தோற்றது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1891-ல் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு என்ற கலவையை வெளியிட்டார். சீரியத்தின் பங்கு வெகுவாகக் கூடினாலும் ஒளி மங்கும். அறவே இல்லாவிட்டாலும் மங்கும். நூற்றில் ஒரு பங்குக்கு எத்துணை வலிமை, பாருங்கள்!

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. தோரியம் கிடைப்பது மோனசைட் என்னும் கனிமத்திலிருந்து. அன்று திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதை 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். மேண்டில் தொழிலுக்காக அந்த மணல் கப்பலேறியது.

தோரியம் கதிரியக்கத் தனிமம். அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். அது வெளியிடும் ஆல்ஃபா கதிர் நம் தோலைத் தாண்டாது. ஆனால் தூளாக மூச்சில் புகுந்தால் தீங்கு செய்யும். என் தாத்தா திருவிழாக்களுக்கு விளக்கேற்றிக் கொடுத்தவர். உடைந்த மேண்டிலின் சாம்பலை வாயால் ஊதித் தள்ளிவிட்டுத்தான் புதியதைக் கட்டுவாராம். இன்று பல நாடுகளில் தோரியத்துக்குப் பதிலாக இட்ரியம் சேர்த்த மேண்டில்கள் விற்பனையாகின்றன. எனினும் பழைய மேண்டிலைக் கையாள்வோர் ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுத்துக் கையைக் கழுவ வேண்டும். இதைப் படிக்கும் நண்பர்கள் தம் வீட்டாருக்கும் கூறுவார்களாக!

மேண்டிலின் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. அதன் தத்துவம் முடியவில்லை. சூடான பொருளின் ஒளியை மின்சாரமாக மாற்றும் கலங்கள் குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டுமே நன்கு பயன்படுத்தும். எனவே அந்த அலைநீளங்களை மட்டும் உமிழும் பொருள் தேவை. டங்ஸ்டன் போன்ற உலோகங்கள் காற்றில் சூடேறினால் ஆக்சிஜனுடன் கூடிக் கெடுகின்றன. பீங்கான்களுக்கோ வேறொரு சோதனை. உருகுவதற்கு வெகு முன்பே துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்துவிடுகின்றன. சூளையில் செங்கல் இறுகுவது இதனால்தான். செங்கல்லுக்கு அது வலிமை. ஒளியை ஆள்வதற்காக அளந்து அமைத்த நுண்ணிய அமைப்புக்கோ அது அழிவு. 2022-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். பேரியம், சிர்க்கோனியம், ஹாஃப்னியம் சேர்ந்த ஆக்சைடையும் மெக்னீசியம் ஆக்சைடையும் மெல்லிய அடுக்குகளாக மாறி மாறி அமைத்தனர். ஒன்றோடொன்று கலக்காத அந்த அடுக்குகள் 1,100 டிகிரி வெப்பத்திலும் காற்றில் நிலைத்து நின்றன.

ஆக, தீயைத் தாங்குவது பாதி வேலைதான். பெற்ற வெப்பத்தில் எதை வெளியிடுவது, எதைத் தடுப்பது என்ற தேர்வே மறு பாதி. அந்தத் தேர்வை 1891-லேயே செய்து காட்டியது ஒரு பிடி சாம்பல்.