மூச்சு விடும்போது நாடியைக் கவனியுங்கள்

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது 1961இல். கல் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு இறங்குபவருக்கு, அடியில் உள்ள பாரில் சிப்பி சேர்க்க ஏறக்குறைய ஒரு நிமிடமே கிடைக்கும். அப்படியானால் அவர் பரபரவென்று இயங்க வேண்டாமா? கூடாது. கைகால்களை வீசினால் தசைகள் ஆக்சிஜனை விரைவில் தீர்த்துவிடும். பயந்தாலோ இதயமும் வேகமாக அடித்துச் செலவைக் கூட்டும்.

இதில் உடலே அவருக்கு உதவுகிறது. மூச்சை அடக்கி முகம் குளிர்ந்த நீரில் பட்டதும், மூளை வேகஸ் நரம்பின் வழியாக இதயத்தை மெதுவாக்குகிறது. சீல், திமிங்கிலம் ஆகியவற்றிலும் இது உண்டு.

இந்த நரம்பின் வேலையைக் கரையில் இருந்தே நீங்கள் உணரலாம். மணிக்கட்டில், பெருவிரலுக்குக் கீழே, இரண்டு விரல்களை வைத்து நாடி பாருங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரையும், விடும்போது தளரும். உங்கள் வயதில் இது நன்றாகவே தெரியும்! வினாத்தாளைக் கண்டு நெஞ்சு படபடக்கும்போது இப்படி ஐந்தாறு மூச்சு விட்டுப் பாருங்கள். விடை தெரிந்துவிடாது, படபடப்புக் குறையும்.

ஆனால் குளத்திலோ கடலிலோ மூச்சடக்கும் போட்டி வேண்டாம். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்குவது இன்னும் ஆபத்து. மூச்சு முட்டும் உணர்வைத் தருவது முக்கியமாகக் கார்பன் டை ஆக்சைடுதான். அதை முன்பே வெளியேற்றிவிட்டால் எச்சரிக்கை தாமதமாகும். அதற்குள் ஆக்சிஜன் குறைந்து நீருக்குள்ளேயே மயக்கம் வந்துவிடும்.