டவர் மாறும் நொடியில் ஒரு வேலை

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார், நொடிக்கு சுமார் 28 மீட்டர் நகர்கிறது. அரை கிலோமீட்டருக்கு ஒரு டவர் என்றால் 18 நொடிக்கு ஒரு ஹேண்டோவர், அதாவது டவர் மாற்றம். அந்தக் கைமாற்றத்தில் காரின் மோடம் பயன்படுத்தும் ரகசியச் சாவியும் மாறுகிறது. அந்தச் சாவி யார் யார் வழியாகப் போகிறது என்று துருவிப் பார்ப்பதுதான் இந்த வேலை.

இதற்குள் வர விரும்புகிறவர்கள் பலரும் முதலில் கிரிப்டோகிராஃபி புத்தகத்தைத் தூக்குகிறார்கள். அது பிறகு. மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் டிஎஸ் 33.501 ஆவணத்தைத் தரவிறக்கி, 6.9-ஆம் பிரிவைப் படியுங்கள். காசு வேண்டாம், பொறுமைதான் வேண்டும்.

அங்கே கவனிக்க வேண்டியது இது. 5ஜியில் இரண்டு டவர்கள் தங்களுக்குள் நேரடியாகப் பேசி ஹேண்டோவரை முடித்துக்கொள்ளலாம். இது எக்ஸ்என் வகை. இதில் அடுத்த டவருக்கான சாவியைக் கணக்கிட்டுக் கொடுப்பதே பழைய டவர்தான். ஆக, பழைய டவர் தாக்குபவரின் கையில் இருந்தால், புதிய சாவியும் அவருக்குத் தெரியும். கார் புதிய டவரில் சேர்ந்த பிறகு, வலையமைப்பின் மையத்தில் இணைப்புகளை நிர்வகிக்கும் ஏஎம்எஃப், பழைய டவர் அறியாத ஒரு புதிய மதிப்பைப் புதிய டவருக்கு அனுப்புகிறது. ஆனால் அது பயன்படுவது அதற்கடுத்த ஹேண்டோவரில். அதாவது இரண்டு தாவல் கழித்துத்தான் கார் தப்பிக்கிறது. ஏஎம்எஃப் வழியே நடக்கும் என்2 வகையில் ஒரே தாவலில் தப்பிவிடலாம். ஆனால் நேரம் கூடுதலாகும். நேர்காணலுக்குப் போகுமுன் இந்த வித்தியாசத்தைத் தாளில் வரைந்து விளக்கப் பழகுங்கள்.

இன்னொரு ஓட்டை, சாவிக்கும் முன்பே இருக்கிறது. எந்த டவருக்கு மாறலாம் என்பது மோடம் அனுப்பும் அளவீட்டு அறிக்கையை வைத்து முடிவாகிறது. அந்த அறிக்கை பாதுகாப்பாகவே போகிறது. ஆனால் டவர்கள் ஒலிபரப்பும் அடையாளத்துக்கு அத்தாட்சி கிடையாது. உண்மையான டவரின் அடையாள எண்ணைப் போலி டவர் காட்டினால், வலையமைப்பு ஏமாந்து ஹேண்டோவரைத் தொடங்கிவிடலாம். ஆய்வாளர்கள் பிட்சிகாஸ், பாப்பர் இருவரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. போலி டவரிடம் சரியான சாவி இல்லாததால் உரையாடலை ஒட்டுக்கேட்க முடியாது, இணைப்பு அறுந்துபோகும். கைப்பேசிக்கு அது எரிச்சல். தொலைவிலிருந்து இயக்கப்படும் வண்டிக்கு அப்படிச் சொல்ல முடியுமா?

பயிற்சிக்கு ஓப்பன்5ஜிஎஸ், ஓப்பன்ஏர்இன்டர்ஃபேஸ் என்ற திறமூல மென்பொருள்கள் இரண்டையும் கணினியிலேயே ஓட்டுங்கள். உரிமமில்லாமல் அலைவரிசையில் எதையும் அனுப்பாதீர்கள், அது குற்றம். வலையமைப்புச் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க் கருவியில், எக்ஸ்என் ஹேண்டோவரின்போது புதிய டவர் ஏஎம்எஃபுக்கு அனுப்பும் பாத் ஸ்விட்ச் செய்திகளைத் தேடிப் பிடியுங்கள். கார் எந்தெந்தக் குறியாக்க முறைகளை ஆதரிக்கிறது என்ற பட்டியலைப் புதிய டவர் அதில் திருப்பி அனுப்பும். ஏஎம்எஃப் தன்னிடம் உள்ளதோடு ஒப்பிடும். பட்டியலை வேண்டுமென்றே கெடுத்து அனுப்பி, ஏஎம்எஃப் கண்டுபிடிக்கிறதா என்று சோதியுங்கள். சுயவிவரத்தில் இரண்டு சான்றிதழ்களைவிட இந்த ஒரு சோதனையின் அறிக்கைக்கு மதிப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

விளம்பரங்களில் 'ஹேண்டோவர் பாதுகாப்பு' என்ற பதவியைத் தேடினால் எதுவும் அகப்படாது. தொலைத்தொடர்பு நிறுவனங்களில் ரேன் செக்யூரிட்டி, புரோட்டோகால் டெஸ்டிங் என்று தேடுங்கள். இந்தியாவில் பெங்களூருவின் தேசியத் தொலைத்தொடர்புப் பாதுகாப்பு மையம் (என்சிசிஎஸ்) அங்கீகரிக்கும் சோதனைக்கூடங்களும் உண்டு. கார் நிறுவனங்களில் வாகன இணையப் பாதுகாப்புத் தரநிலையான ஐஎஸ்ஓ/எஸ்ஏஇ 21434 தெரியுமா என்பார்கள். அங்கே இதே வேலைக்கு 'தாரா' என்று பெயர், அதாவது அச்சுறுத்தல் பகுப்பாய்வும் இடர் மதிப்பீடும்.