கேட்பதில் இழுக்கில்லை

கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் வாழும் அன்பர் ஒருவர், குடியை விட விரும்பியும், ‘யாரிடம் போய்க் கேட்பது?’ என்று நாணி நிற்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு வழிகாட்டும் வரலாறு ஒன்று உண்டு.

1935 மே மாதம். ஐந்து மாதங்களாகக் குடியை விட்டிருந்த பில் வில்சன், தொழில் முயற்சியில் தோற்று, அமெரிக்காவின் அக்ரன் நகர விடுதியில் தனித்து நின்றார். ஒருபுறம் மதுக்கூடத்தின் ஆரவாரம், மறுபுறம் தொலைபேசி. அவர் தொலைபேசியை நாடினார். பாதிரியார் ஒருவரை அழைத்து, தம்மைப் போன்ற வேறொரு குடிநோயாளியைக் காட்டுமாறு வேண்டினார். அத்தேடலில் கிட்டியவர் மருத்துவர் பாப் ஸ்மித். ஸ்மித் குடியைக் கைவிட்ட ஜூன் 10, ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ தோன்றிய நாளாகப் போற்றப்படுகிறது.

ஒத்த துன்பம் உற்றவரின் கூட்டுறவே இங்கு மருந்து. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி, கட்டணமில்லை. குடும்பத்தாருக்கு ‘அல்-அனான்’ உண்டு. அருகில் நடைபெறும் கூட்டத்தை அவ்வமைப்பிடமே கேட்டறியலாம். அரசின் 14446 என்னும் இலவச எண்ணும் உதவும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு நேரலாம். ஆதலின் முதலில் மருத்துவரை நாடுக.

வில்சன் தம்மைக் காத்துக்கொள்ளவே பிறரைத் தேடினார், இருவரும் கரையேறினர். அன்பரே, தாங்கள் தேடிச் செல்லும் கூட்டத்தில் தங்கள் வருகையால் தேறப்போகும் ஒருவரும் இருக்கக்கூடும்.