வியப்புச் சொற்களின் விளிமூலம்: ஆங்கிலமும் இராமநாதபுரக் கடற்கரைத் தமிழும்

முன்னுரை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக மருட்கையைக் கூறி, அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினை நிலைக்களனாகக் கொண்டு பிறக்கும் என வகுக்கிறது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பெற்ற புதிய பாம்பன் பாலத்தின் 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பகுதி மேலெழக் காண்பார்க்குப் புதுமையும், இராமேசுவரம் திருக்கோயிலின் மூன்றாம் பிராகாரத்தில் நிற்பார்க்குப் பெருமையும் வியப்பின் நிலைக்களன்களாகின்றன. தமிழர்க்கும் ஆங்கிலேயர்க்கும் இந்நிலைக்களன்கள் பொதுவாயினும், வியப்பை வெளியிடும் சொற்களின் வழக்கு வேறுபடுகிறது. அவ்வேறுபாட்டிற்கு, அச்சொல் யாரை விளித்துப் பிறந்தது என்பது முதன்மையான காரணம் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

தமிழில் விளிமூலம்

தென்மாவட்டப் பேச்சில் பயிலும் ஆத்தாடி, அம்மாடி, அடேயப்பா ஆகியன முறைப்பெயர் விளிகளிலிருந்து பிறந்தவை. தாயும் தந்தையும் எதிரில் இல்லாதபோதும் இவை ஒலிக்கின்றன. விளிப்பொருள் தேய்ந்து உணர்வுப்பொருளே எஞ்சியுள்ளது. இவற்றோடு இறைவிளிகளும் இக்கடற்கரையில் தடையின்றி வழங்குகின்றன. திருக்கோயில் சூழலில் ‘சிவசிவா’ என்பதும், கீழக்கரை போன்ற இசுலாமியர் வாழும் ஊர்களில் ‘யா அல்லாஹ்’, ‘சுப்ஹானல்லாஹ்’ என்பனவும், கத்தோலிக்க மீனவரிடையே ‘மாதாவே’ என்பதும் கேட்கத்தக்கவை. வியப்பின்போது இறைப்பெயரை உரைத்தல் இங்குப் பொதுவாகக் குற்றமாகக் கருதப்படுவதில்லை.

ஆங்கிலத்தில் விளிமூலம்

ஆங்கிலத்தின் ‘ஓ மை காட்’ என்பதும் இறைவிளியே. எனினும் இறைவன் பெயரை வீணில் வழங்கலாகாது என்னும் விவிலியக் கட்டளையின் தாக்கத்தால், அது சமயப்பற்றுடைய சிலர்க்கு இன்றும் உறுத்தலாகிறது. அவ்விலக்கைத் தவிர்க்கவே ‘காட்’ என்பது ‘காஷ்’ எனத் திரிந்தது. ‘மை குட்னெஸ்’, ‘குட் ஹெவன்ஸ்’ போன்ற மாற்றுவழக்குகளும் இடம்பெற்றன. தமிழ் இலக்கணம் கூறும் இடக்கரடக்கல், மங்கலம் என்னும் தகுதிவழக்குகளோடு இதனை ஒப்பிடலாம். ஆனால் அவை அவைக்கு ஒவ்வாததையும் அமங்கலத்தையும் மறைப்பன. ஆங்கில வழக்கோ புனிதத்தையே மறைக்கிறது.

விளிமூலம் இல்லாதவை

‘வாவ்’ என்பது யாரையும் விளியாத ஒலிக்குறிப்பு. 16ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து எழுத்துகளிலேயே காணப்படுவது. இன்று அது பெரும்பாலும் பாராட்டு கலந்த வியப்பையே உணர்த்துகிறது. ஆகவே உவகை, அவலம் இரண்டிற்கும் பொதுவான ‘ஐயோ’ என்பதற்கு அது எல்லா இடத்தும் நிகராகாது. கடலுக்குச் சென்ற படகு திரும்பவில்லை என்னும் செய்திக்கு ‘ஐயோ’ என்பது இயல்பு. அங்கு ‘வாவ்’ என்பது கேட்போர் மனத்தைப் புண்படுத்தும். பள்ளி இலக்கணங்கள் அவலத்திற்குக் கற்பிக்கும் ‘அலாஸ்’ இன்றைய ஆங்கிலப் பேச்சில் அருகிவிட்டது; பேசினால் பழமையாகவோ நகையாகவோ ஒலிக்கும். அவ்விடத்து ‘ஓ நோ’ என்பதே பொருந்தும். ‘ரியலி’ என்பதோ ‘அப்படியா’ என்பதைப் போன்றது. குரல் ஏற்றத்தால் வியப்பையும், இறக்கத்தால் வெறும் ஏற்பையும், நீட்டத்தால் ஐயத்தையும் குறிக்கவல்லது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என நிகர்கூறும் பட்டியல்கள் வியப்புச் சொற்களைக் கற்பிக்கப் போதா என்பது பெறப்படும். வியப்பின் நிலைக்களன், செய்தி நன்றோ தீதோ என்பது, சொல்லின் விளிமூலம், குரலின் ஏற்ற இறக்கம் ஆகிய நான்கனையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். பிறநாட்டுப் பயணியரோடு நாள்தோறும் உரையாடும் இராமேசுவரத்து வழிகாட்டிகளுக்கும் இப்பகுதி மாணவர்க்கும் இது உடனடிப் பயன் தருவதாகும். மருட்கையை அச்சத்தினின்றும் அழுகையினின்றும் உவகையினின்றும் பிரித்துணர்த்திய தொல்காப்பிய நெறி, பிறமொழி கற்பித்தலுக்கும் உரிய அடித்தளமாக அமைகிறது.