வண்டியின் பின்புறத்தில் எழும் அரைப்பொலி: அறியும் முறையும் தீர்க்கும் வழியும்

தறியின் ஓசை சிறிது மாறினாலும் குறை நாடாவிலா, மிதியிலா என்று நெசவாளர் உணர்ந்துகொள்கிறார். இறவைப் பொறியின் ஒலியைக் கேட்டே கிணற்றில் நீர் குறைந்ததை உழவர் அறிகிறார். செவிவழிப் பெறும் இவ்வறிவு மோட்டார் வண்டிக்கும் பெரிதும் பயன்படும். நூல் கட்டுகளையும் காய்கறிக் கூடைகளையும் ஏற்றிச் செல்லும் சங்க வண்டியாயினும், சொந்தக் காராயினும், பின்புறத்தில் கரகரவென்று அரைக்கும் ஒலி எழுமானால் அதனை அலட்சியம் செய்தலாகாது. காரணம் அறியாமல் பழுது பார்க்கப் புகுந்தால் அங்கத்தினர்களின் பணம் வீணாகும். பழுதே பார்க்காமல் விட்டால் உயிருக்கே அபாயம் நேரும்.

வடசென்னைக்கும் மோட்டார் தொழிலுக்கும் நெடுநாளையத் தொடர்பு உண்டு. 1948இல் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி வெளியிட்டது. 1955இல் அதுவே அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்றது. எண்ணூருக்குத் தெற்கே கடலோரத்திலுள்ள காசிமேட்டில், மீன் ஏற்றும் வண்டிகளின் அடிப்பாகத்தில் உப்புநீரும் பனிக்கட்டி உருகிய நீரும் இடையறாது சொட்டுகின்றன. கடற்காற்றும் சேர்ந்து இரும்பைத் துருவேற்றுகிறது. ஆகவே ஈண்டுக் கூறுவன அப்பகுதி வண்டிகளுக்கும், அங்கே சரக்கு எடுக்கச் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கும் சிறப்பாகப் பொருந்தும்.

முதலில் ஆராய வேண்டுவது, ஒலி எப்பொழுது எழுகிறது என்பதே.

1. பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் அரைத்தால், பிரேக் ஷூவின் லைனிங் தேய்ந்து, இரும்போடு இரும்பு உராய்கிறது என்று கொள்ளலாம். இதுவே மிகுந்த அபாயமுடையது. வண்டி நிற்க வேண்டிய தூரம் நீளும். டிரம் பள்ளம் விழும். சக்கர சிலிண்டரின் பிஸ்டன் அளவுக்கு மீறி வெளிவந்து பிரேக் ஆயில் ஒழுகவும் கூடும்.

2. பிரேக்கை மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், வேகத்தோடு ஏறி இறங்கும் முனகலாயின், சக்கரப் பேரிங்கை ஐயுறுக. வண்டி இடப்புறம் வளையும்போது பாரம் வலச்சக்கரத்தின்மேல் சாயும். அப்போது ஒலி மிகுமானால் குறை பெரும்பாலும் வலப்புறத்ததே. பேரிங் முற்றும் சிதைந்தால் சில வண்டிகளில் சக்கரம் அச்சோடு கழன்று வரவும் கூடும்.

3. முடுக்கியை மிதிக்கையில் ஓர் ஒலியும், காலை எடுக்கையில் வேறோர் ஒலியும் எழுமாயின், டிபரன்ஷியல் பற்சக்கரங்களைச் சோதிக்க வேண்டும். இது பின்சக்கர இயக்கமுடைய வண்டிகளுக்கே பொருந்தும். அம்பாசடர், ஆம்னி, டாடா ஏஸ் ஆகியன அவ்வகையின. முன்சக்கர இயக்கமுடைய மாருதி 800 போன்றவற்றின் பின்புறத்தில் டிபரன்ஷியலே இல்லை; அதன் பெயரால் எவரேனும் கட்டணம் கேட்டால் மறுத்துவிடலாம்.

4. விட்டுவிட்டு உராயும் ஒலியாயின், டிரம்முக்கும் பின்தகட்டுக்கும் இடையே சிறு கல் சிக்கியிருக்கலாம். பாரம் ஏற்றியபோது மட்டும் எழுந்தால், ஸ்பிரிங் பட்டை ஒடிந்து டயர் எங்கேனும் உரசுகிறதா என்று காண்க.

அடுத்தது நேரிற் சோதித்தல். சமதரையில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே பின்புறத்தை உயர்த்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல், உறுதியான தாங்கியை அச்சின் கீழ் வைத்தல் அவசியம். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையாற் சுழற்றுக. கரகரப்பு விரலுக்குத் தெரிந்தாலும், மேலும் கீழும் பிடித்து அசைக்கையில் ஆட்டம் கண்டாலும் பேரிங் கெட்டது என அறியலாம். ஓடி நின்ற வண்டியின் ஒரு சக்கரம் மட்டும் மிகுதியாகச் சுட்டால், துருவேறிய கைப்பிரேக் கம்பி ஷூவை விடாமல் பற்றியிருக்கக் கூடும். கடலோர வண்டிகளில் இக்குறை மிகுதி.

இனித் தீர்க்கும் முறை. ஷூக்களை இரு பக்கமும் ஒருங்கே மாற்றுக. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது வண்டி ஒருபுறம் இழுக்கும். பள்ளம் விழுந்த டிரம்மைக் கடைசல் பிடிக்கலாம். அனுமதித்த உச்ச விட்டத்தைத் தாண்டினால் புதியது வாங்குவதே முறை. அவ்வளவு பெரும்பாலும் டிரம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஆயில் சீல் ஒழுகி லைனிங் நனைந்திருந்தால், சீலை மாற்றாமல் ஷூவை மட்டும் மாற்றுதல் வீண் செலவே. டிரம்முக்குள் படிந்த தூளைக் காற்றடித்துப் பறக்கவிடலாகாது; பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும்; அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே நன்று.

டிபரன்ஷியலில் ஆயில் குறைந்திருப்பின், வண்டியின் கையேடு குறிப்பிடும் கியர் ஆயிலையே ஊற்றுக. வடித்த ஆயிலில் மெல்லிய இரும்புத் தூள் காண்பது இயல்பு. இரும்புச் சில்லோ பல்லின் துண்டோ கிடைத்தால் பற்சக்கரங்களைப் பிரித்துப் பார்க்காமல் வண்டியை ஓட்டுதல் கூடாது.

வருமுன் காத்தலே சிக்கனம். உப்புநீர் பட்ட வண்டியின் அடிப்பாகத்தை அன்றன்றே நன்னீரால் கழுவுக. கழுவிய பின் சிறிது தூரம் மெல்ல ஓட்டி, பிரேக்கை இரண்டொரு முறை மிதித்து ஈரத்தை உலர்த்துக.

சங்க வண்டியாயின் நிர்வாகக் குழுவினர் ஒரு நியதியைக் கைக்கொள்ளலாம். ஒலி எப்போது எழுந்தது என்பதை ஓட்டுநர் அன்றே பதிவேட்டில் எழுத வேண்டும். கழற்றிய பழைய உறுப்பைக் கண்ணாற் கண்ட பின்னரே பட்டியலுக்குப் பணம் வழங்க வேண்டும். பிரேக் அரைக்கிறது என்று ஓட்டுநர் சொன்னால், ஏற்றிய சரக்கு எவ்வளவு அவசரமாயினும், வண்டி அன்று புறப்படலாகாது. சரக்கு ஒரு நாள் தாமதித்தால் வரும் நட்டத்தை ஈடு செய்துகொள்ளலாம். ஓர் உயிர் போனால் ஈடு செய்வார் யார்?