இருதய வால்வில் கிருமித் தொற்று: பாதியில் நிறுத்தக் கூடாத விரதம்

காய்ச்சல் வந்தால் இரண்டு பனடோல், சூடாக ஒரு குவளை இஞ்சிக் காப்பி. நம்மவர் வீடுகளில் முதல் வைத்தியம் இதுதான். பெரும்பாலான காய்ச்சல்கள் இதற்கே அடங்கிவிடும். அடங்காத காய்ச்சல் ஒன்றும் உண்டு. மாத்திரை போட்டால் இறங்கும். மறுநாள் மாலை மீண்டும் ஏறும். இருதய வால்வில் கிருமி குடியேறினால் வரும் காய்ச்சல் அது. 2011ஆம் ஆண்டில் அது எனக்கு வந்தது. பிழைத்து எழுந்தவன் என்ற முறையில், மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையும் பின்னர் படித்தறிந்ததையும் இம்மலரின் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நோய் எப்படி வருகிறது?

நமது இருதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. இரத்தம் ஒரே திசையில் ஓடும்படி அவை ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஓர் இலட்சம் முறை திறந்து மூடுகின்றன. நல்ல வால்வின் மேற்பரப்பு வழவழப்பானது. அதில் கிருமி எளிதில் ஒட்டாது. வால்வு பழுதுபட்டிருந்தால் கிருமிக்கு இடம் கிடைக்கிறது. பிறவிக் குறை, முதுமை, முன்பு பொருத்திய செயற்கை வால்வு ஆகியவை இதற்குக் காரணமாகலாம். சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலும் வால்வைப் பழுதாக்கும். தோட்டத்து லயத்தில் வளர்ந்த காலத்தில் எனக்கு வந்தது அதுதான். மூட்டு வீக்கம் வற்றியதும் அதை மறந்துவிட்டோம், வால்வு மறக்கவில்லை.

பல் ஈறு, தோல் புண், சுத்தமில்லாத ஊசி ஆகியவற்றின் வழியே கிருமி இரத்தத்தில் கலக்கிறது. வால்வில் ஒட்டியதும் அதைச் சுற்றி இரத்தத் தட்டுகளும் உறைந்த நாரும் படிந்து சிறு கட்டியாக வளர்கின்றன. அதன் துணுக்கு உடைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம். வால்வே கிழிந்தால் மூச்சுத் திணறல். இன்றைய வசதிகள் இருந்தும், இந்நோயால் மருத்துவமனையில் சேர்பவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் உயிர் இழக்கிறார். ஆகவே இதை அற்பமாக எண்ணலாகாது.

நேற்றைய நிலை

1885இல் வில்லியம் ஆஸ்லர் என்னும் மருத்துவர் இலண்டனில் இந்நோய் குறித்து ஆற்றிய சொற்பொழிவுகள் புகழ்பெற்றவை. நோயை அறிய முடிந்ததே தவிர, தீர்க்க வழி இல்லை. 1911இல் புகழ்பெற்ற இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் இரத்தத்தை நியூயார்க்கில் எடுத்துக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். நோயின் பெயர் தெரிந்துவிட்டது; மருந்து இல்லை. அவ்வாண்டு மே 18ஆம் நாள் அவர் வியன்னாவில் காலமானார். பென்சிலின் வந்த பிறகே நிலைமை மாறியது. 1944இல் புரூக்லினில் லோவி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் பென்சிலினைத் தொடர்ந்து செலுத்தி நோயாளிகளைக் குணப்படுத்திக் காட்டினார்கள். மாலருக்குக் கிடைக்காத மருந்து இன்று நமது அரசாங்க மருத்துவமனைகளில் கிடைக்கிறது. நாம் செய்யவேண்டியது காலத்தோடு அங்கே போய்ச் சேர்வதே.

நான் செய்த தவறு

தங்காக்கில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி வந்தேன். மாலையில் குளிர், இரவில் சட்டை நனையும் வியர்வை, பசியின்மை. எடை குறைந்துகொண்டே வந்தது. வீட்டில் யாருக்கோ கொடுத்து மீந்திருந்த ஆண்டிபயாட்டிக் மாத்திரைகளை நானே விழுங்கினேன். நான்கு நாள் காய்ச்சல் விட்டது, பிறகு திரும்பியது. மறுபடியும் அதே மாத்திரை. இப்படியே ஐந்து வாரம் ஓடியது. ஒரு நாள் மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கியபோதுதான் மனைவி என்னை மருத்துவமனைக்கு இழுத்துச் சென்றார்.

அரைகுறை மாத்திரை நோயைத் தீர்க்காது; ஆனால் பரிசோதனையைக் கெடுத்துவிடும். இந்நோய்க்கு முதன்மையான சோதனை இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. ஆண்டிபயாட்டிக் தொடங்குமுன், வெவ்வேறு இடங்களில் ஊசி குத்தி மூன்று முறை இரத்தம் எடுக்கிறார்கள். என் இரத்தத்தில் முதலில் எதுவும் வளரவில்லை. நான் விழுங்கிய மாத்திரையே காரணமாக இருக்கலாம் என்றார் மருத்துவர். பின்னர் எக்கோ சோதனையில் வால்வில் ஆடும் கட்டி தெரிந்தது. சிலருக்கு உணவுக்குழாய் வழியாகக் கருவியைச் செலுத்தியும் பார்ப்பார்கள். அதில் படம் இன்னும் தெளிவாக இருக்கும்.

ஆறு வாரம் ஏன்?

சாதாரணத் தொண்டைப் புண்ணுக்குச் சில நாள் மாத்திரை போதும். வால்வுத் தொற்றுக்கோ பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் நரம்பு வழியாக மருந்து ஏற்றவேண்டும். வால்வின் இதழுக்குள் இரத்தக் குழாய்கள் மிகக் குறைவு. கட்டியின் உள்ளேயும் கிருமியைக் கொல்லும் வெள்ளை அணுக்கள் எளிதில் நுழைவதில்லை. உள்ளே கிடக்கும் கிருமிகளில் பல உறங்கும் நிலையில் இருக்கின்றன. பென்சிலின் போன்ற மருந்துகள் பெருகும் கிருமியைத்தான் நன்கு கொல்லும். உறங்குபவை விழித்தெழும்போதெல்லாம் இரத்தத்தில் மருந்து இருக்கவேண்டும்.

பத்தாம் நாளில் எனக்குக் காய்ச்சல் நின்றுவிட்டது. வீட்டுக்குப் போகிறேன் என்று அடம்பிடித்தேன். அப்போது தாதி ஒருவர், "அண்ணே, மண்டல விரதம் இருக்கிறவங்க பத்து நாள்ல மாலையைக் கழற்றுவாங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைக் கட்டிலில் உட்காரவைத்தது. மண்டலம் 48 நாள். என் மருந்து 42 நாள்.

2018இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று 400 நோயாளிகளை ஆராய்ந்தது. நிலைமை சீராகிவிட்ட சிலர், முதல் கட்ட ஊசி மருந்துக்குப் பின் மாத்திரைக்கு மாறலாம் என்று அது காட்டியது. அதையும் மருத்துவரே முடிவு செய்யவேண்டும்; நாமாக மாறலாகாது.

அறுவையும் வால்வும்

மருந்து மட்டும் போதாத நிலைகள் உண்டு. வால்வு கிழிந்து இருதயம் தளர்வது, மருந்துக்குக் கிருமி அடங்காதது, பெரிய கட்டி உடைந்து செல்லும் அபாயம் ஆகியவை இருந்தால் அறுவை செய்கிறார்கள். 1992இல் கோலாலம்பூரில் தேசிய இருதயக் கழகம் தொடங்கப்பட்டது முதல் மலேசியாவில் இத்தகைய சிகிச்சைக்கு வாய்ப்புப் பெருகியுள்ளது.

மாற்று வால்வு இரு வகை. ஒன்று மாட்டின் இருதய உறையிலிருந்தோ பன்றியின் வால்விலிருந்தோ செய்வது. மற்றது கார்பன், உலோகம் போன்றவற்றால் ஆனது. இந்தியாவில் டாக்டர் வலியத்தான் தலைமையில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிலையம் உருவாக்கிய வால்வு இரண்டாம் வகை. அது 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. திசு வால்வு சில ஆண்டுகளில் தேய்ந்து மறுபடி மாற்ற நேரலாம். செயற்கை வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் ஆயுள் முழுதும் வார்ஃபரின் என்ற இரத்த உறைதடுப்பு மாத்திரை வேண்டும்.

மாட்டு வால்வு என்றதும் என் தாயார் அழுதுவிட்டார். சமயத் தயக்கம் இருந்தால் அதை அறுவைக்கு முன்பே மனந்திறந்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மறைத்துவைத்து அறுவையையே மறுப்பது உயிருக்கு உலை. வயதையும் கருதி எனக்குச் செயற்கை வால்வு பொருத்தினார்கள். இரவின் அமைதியில் அதன் 'டிக் டிக்' ஓசை இன்றும் எனக்குக் கேட்கிறது.

குணமான பின்

வீடு திரும்பியதும் நோய் முடிந்துவிட்டதாக எண்ணக்கூடாது. நெஞ்செலும்பு கூட இரண்டு மூன்று மாதமாகும், பாரம் தூக்கலாகாது. களைப்பும் மனச்சோர்வும் வரும், அவை இயல்பே. வார்ஃபரின் உண்போர் ஐ.என்.ஆர். இரத்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது. கீரையை ஒதுக்கவேண்டாம், ஒரே அளவாகச் சாப்பிடவேண்டும். நாட்டு மருந்தோ வலி மாத்திரையோ எடுக்குமுன் மருத்துவரைக் கேட்கவேண்டும்.

ஒரு முறை வந்தவருக்கு இந்நோய் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே காலையும் இரவும் பல் துலக்குவதும் தவறாமல் பல் மருத்துவரைப் பார்ப்பதும் கடமை. செயற்கை வால்வு உள்ளவர்களும் முன்பு இத்தொற்று வந்தவர்களும் பல் பிடுங்குமுன் அதைச் சொல்லவேண்டும். சிகிச்சைக்குச் சற்று முன் ஒரு வேளை ஆண்டிபயாட்டிக் தருவார்கள். மீண்டும் காய்ச்சல் வந்தால் முதலில் இரத்தச் சோதனை, பிறகே மாத்திரை.

கடைசியாக ஒன்று. குணமானால் அலகு குத்திக் காவடி எடுப்பதாக நான் நேர்ந்திருந்தேன். எங்களைப் போன்றவர்கள் உடலில் துளையிடுவதைத் தவிர்க்கவேண்டும் என்பதே மருத்துவ அறிவுரை. வார்ஃபரினால் இரத்தமும் எளிதில் நிற்காது. ஆலயக் குருக்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "கொடுத்த உயிரைக் காப்பாற்றிக்கொள்வதும் வழிபாடுதான், பால்குடம் எடுங்கள்" என்றார். அடுத்த தைப்பூசத்தில் பால்குடம் எடுத்தேன். நெஞ்சுக்குள் வால்வு தாளம் போட்டுக்கொண்டே வந்தது.

விடாத காய்ச்சல் உங்கள் வீட்டில் யாருக்கேனும் இருந்தால், இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நோயற்ற வாழ்வை அருள்வானாக.